இதனால என்ன வருது, அக்கா?

ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் கடைசல் பட்டறைக்குக் கொட்டேஷன் வந்தது. தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை இன்னும் மூன்று ஆண்டுக்குப் புதுப்பிக்க இந்த வருஷம் ஒரு பெரிய ஆடிட், அடுத்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு சின்ன ஆடிட், ஆடிட்டரின் போக்குவரத்து தனி, ஜிஎஸ்டி தனி. இப்படி வரும் காகிதத்தின் மூலையில் ‘ஓகே’ என்று எழுதி என் பக்கம் தள்ளிவிடுவதுதான் முதலாளியின் வழக்கம். இந்தத் தடவை அதை அவர் மகள் கையில் எடுத்தாள்.

அவளை ஸ்கூல் யூனிஃபார்மில் பார்த்திருக்கிறேன். பரீட்சை சமயத்தில் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள், பென்சில் கேட்டு என்னிடம் வருவாள். இப்போது எம்பிஏ முடித்துவிட்டு வந்து கம்பெனிக் கணக்கையே பார்க்கிறாள். ஆட்கள் முன்னால் ‘மேடம்’ என்பேன். தனியாக இருந்தால் ‘நீ’தான்.

“அக்கா, இதனால நமக்கு என்ன வருது?”

“ஆர்டர் வருது.”

“அது ஏற்கெனவே வந்துட்டிருக்கற ஆர்டர். இதை விட்டுட்டா போயிடுமா?”

“போயிடும்.”

“சரி. இது இருக்கறதால கூடுதலா ஒரு ரூபா வருதா?”

பதினாலு வருஷமாகப் பட்டறையின் ஐஎஸ்ஓ ஃபைலைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவள் நான். சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

தினமும் பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறி பீனியா இண்டஸ்ட்ரி நிலையத்தில் இறங்குகிறேன். அங்கிருந்து பட்டறைக்கு நடந்து போகிற பன்னிரண்டு நிமிஷத்தில் ‘ஐஎஸ்ஓ 9001:2015 சான்று பெற்ற நிறுவனம்’ என்ற பலகையை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது. கடைசலுக்கு, ஹீட் ட்ரீட்மெண்ட்டுக்கு, முலாம் பூசுவதற்கு, அட்டைப்பெட்டிக்கு என்று எல்லா வாசலிலும் ஒரே எண். அட்டைப்பெட்டிக்கும் எங்களுக்கும் எப்படி ஒரே தரம் பொருந்தும் என்று என் அம்மா ஒருநாள் கேட்டார். நியாயமான கேள்வி. ஐஎஸ்ஓ 9001 பொருளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நாங்கள் கடைந்து கொடுக்கிற புஷ்ஷின், அதாவது ஷாஃப்ட் நுழைகிற உலோக வளையத்தின், துளை 25 மில்லிமீட்டரா 26 மில்லிமீட்டரா என்ற கவலை அதற்கு இல்லை. வாடிக்கையாளர் கேட்டது என்ன, அதைச் செய்யத் தேவையான ஆளும் கருவியும் இருக்கின்றனவா, தப்பு நடந்தால் யார் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், திரும்ப நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று நிர்வாகத்தைத்தான் கேட்கிறது. 1979இல் பிரிட்டன் வெளியிட்ட பிஎஸ் 5750 என்ற தரத்திலிருந்து வளர்ந்து, 1987இல் சர்வதேசத் தரமானது. அதன்பின் 1994, 2000, 2008, 2015 என்று மாற்றி எழுதியிருக்கிறார்கள். இன்று உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் சான்றிதழ்கள். இவற்றில் ஒன்றைக்கூட ஜெனீவாவில் இருக்கிற ஐஎஸ்ஓ கொடுக்கவில்லை. கொடுப்பவை தனித்தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்க நாட்டுக்கு நாடு ஓர் அமைப்பு, நமக்கு என்ஏபிசிபி.

நாங்கள் வாங்கியது பயத்தில். 2011 வாக்கில் ஓசூர் வாடிக்கையாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த நிதியாண்டு முதல் சான்றிதழ் இல்லாத சப்ளையருக்குப் புது பாகம் தரமாட்டோம் என்று அதில் இருந்தது. முதலாளி ராஜாஜிநகரிலிருந்து ஒரு கன்சல்டண்டைக் கூட்டிவந்தார். அவர் இரண்டே மாதத்தில் தடிமனான ஒரு தரக் கையேட்டைப் போட்டுக் கொடுத்தார். நான் அப்போது புதுசு, பயபக்தியோடு படித்தேன். 34ஆம் பக்கத்தில் ‘அட்டையின் ஈரப்பதம் வாரம் ஒருமுறை அளக்கப்படும்’ என்று இருந்தது. எங்களுக்கு முன்னால் யாருக்கு எழுதினாரோ, அந்த அட்டைப்பெட்டிக்காரரின் வாசகம். இரண்டு வருஷம் அது எங்கள் கையேட்டில் இருந்தது. ஆடிட் செய்ய வந்த இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

ஆனாலும் ஆர்டர் வந்தது. அதை மறைக்கக் கூடாது. சான்றிதழ் மாட்டிய ஆறு மாதத்துக்குள் மூன்று புதுப் பாகங்கள், கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு பழைய சிஎன்சி லேத். செலவில் 75 சதவீதத்தை, அதிகபட்சம் 75,000 ரூபாய் வரை, சிறுதொழில்களுக்குத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டம் அப்போது இருந்தது. அந்தப் பணமும் கிடைத்தது. அந்த வருஷம் யாராவது ‘என்ன வருது’ என்று கேட்டிருந்தால் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு எதிர்க் கட்டிடக்காரர் வாங்கினார். பக்கத்துக் கட்டிடக்காரர் வாங்கினார். நாலு வருஷத்தில் ஓசூர் விலைப்பட்டியலில் எங்களோடு போட்டி போட்ட ஆறு பேரிடமும் அதே காகிதம். பர்ச்சேஸ்காரர் பழையபடி விலையைக் குறைக்கச் சொன்னார். சான்றிதழ் சினிமா டிக்கெட் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே போக வேண்டும், எல்லோரிடமும் இருக்கிறது, யாருக்கும் நல்ல சீட் உறுதியில்லை.

இதற்குள் நாங்கள் ஒரு கலையில் தேறியிருந்தோம். ஆடிட் தேதியை எப்போதும் ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் வாங்குவோம். பூஜைக்காக மெஷினெல்லாம் எப்படியும் துடைத்து, தரைக்கு மஞ்சள் கோடு அடித்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்திருப்போம். ஒரே செலவில் சரஸ்வதிக்கும் ஆடிட்டருக்கும் பட்டறை தயார். அந்தப் பத்து நாளில் நானும் ஸ்டோர்ஸ் பையனும் உட்கார்ந்து ஒரு வருஷத்துப் பதிவேட்டை எழுதுவோம். ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று நாலு பேனா, இரண்டு நீலம் இரண்டு கறுப்பு. டீக்கறை படிந்த பக்கம் ஒன்றிரண்டு இருந்தால் நம்பிக்கை வரும் என்று அதையும் செய்திருக்கிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பீனியாவில் இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன்.

இந்த லட்சணத்தில்தான் அந்த 25 மில்லிமீட்டர் புஷ் விவகாரம் நடந்தது.

துளைக்கு எச்7 அளவு. அதாவது 25.000இலிருந்து 25.021 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளி 21 மைக்ரான், ஒரு தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆபரேட்டர் ஒவ்வொரு புஷ்ஷையும் பிளக் கேஜால் பார்ப்பார். ‘கோ’ முனை உள்ளே போக வேண்டும், ‘நோ-கோ’ முனை போகக் கூடாது. போகிற முனை ஆயிரக்கணக்கான துளைகளுக்குள் உரசி உரசித் தேயும். போகாத முனை அவ்வளவாகத் தேயாது. எச்எம்டியில் டூல் ரூமில் இருந்த என் அப்பா, கேஜை ஆசாரி தராசைத் தொடுவதுபோலத் தொட வேண்டும் என்பார். எங்கள் கேஜ் கிரீஸ் துணியோடு மேஜை டிராயரில் கிடந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை அதை லேபுக்கு அனுப்பிக் காலிபரேஷன் செய்ய வேண்டும், அதாவது அதன் அளவு இன்னும் சரிதானா என்று பார்க்க வேண்டும். அந்த வருஷம் அனுப்பவில்லை. அனுப்பினால் நாலு நாள் ஆகும், இருப்பது ஒரே கேஜ், மெஷின் நிற்கும். ஆடிட் வாரத்தில் பார்த்தேன். ஸ்டிக்கரில் தேதி தாண்டியிருந்தது. புது ஸ்டிக்கர் எழுதி ஒட்டினேன். கையெழுத்து என்னுடையது. ஆடிட் முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன், மறந்தேன்.

துளையைக் குடைகிற வெட்டுமுனையான போரிங் இன்சர்ட் தேயத் தேயத் துளை சிறுக்கும். கேஜின் கோ முனையும் எட்டு மைக்ரான் தேய்ந்து 24.992 ஆகியிருந்தது. இரண்டும் ஒரே திசையில் தப்பு செய்தால் யார் பிடிப்பது? 25.000க்குக் குறைந்த துளைகள் எல்லாம் கேஜில் ‘சரி’ என்று போயின. ஓசூரில் ஷாஃப்ட் ஏறவில்லை. லைன் நின்றது. நானும் இரண்டு ஆபரேட்டர்களும் ராத்திரியோடு ராத்திரியாக அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் போய், அவர்கள் கிடங்கின் மூலையில் உட்கார்ந்து, 1,400 புஷ்ஷை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். 212 தேறவில்லை. விடிந்தபோது விரல் நுனியெல்லாம் கறுப்பு. பாகத்தின் விலை, பொறுக்குக் கூலி, லைன் நின்ற நேரம் என்று எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்தை எங்கள் கணக்கில் கழித்து டெபிட் நோட் வந்தது. கேஜைக் காலிபரேட் செய்யச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

காரணம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நான் வழக்கமான மந்திரத்தை எழுதினேன்: ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு. பயிற்சி அளிக்கப்பட்டது.’ மறுநாளே அந்தக் கம்பெனி குவாலிட்டிக்காரர் போன் செய்தார்.

“ஏம்மா, உங்க பட்டறையில எல்லாத் தப்பையும் ஆபரேட்டரே பண்றாரா? கேஜ் எங்கம்மா?”

ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு எழுது என்றார். எழுதினேன். துளை ஏன் சிறுத்தது? இன்சர்ட் தேய்ந்தது. ஏன் பிடிபடவில்லை? கேஜும் தேய்ந்திருந்தது. அது ஏன் தெரியவில்லை? காலிபரேஷன் செய்யாமலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏன்? மாற்றுக் கேஜ் இல்லை. ஏன் இல்லை? ஃபைலைப் புரட்டினேன். இரண்டாவது கேஜ் கேட்டு நான் எழுதிய கோரிக்கை இரண்டு இருந்தன. இரண்டின் மூலையிலும் முதலாளி கையெழுத்து: ‘இப்போது வேண்டாம்.’

அதை அப்படியே எழுதினேன், ஸ்டிக்கர் ஒட்டியது நான் என்பதையும் சேர்த்து. முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆறு கேஜுக்கு ஆர்டர் போட்டிருந்தார். என்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை.

எங்களுக்கு ஐஎஸ்ஓ உண்மையில் வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சான்றிதழ் மாட்டி ஐந்து வருஷம் கழித்து.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பெரிய விஷயமில்லை. நிர்வாக மறுஆய்வுக் கூட்டம் என்று ஒன்றை அந்தத் தரம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதுவரை கூட்டம் நடக்காது. நான் அறிக்கை எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். அறிக்கையில் ரிஜெக்ஷன் ‘பத்து லட்சத்துக்கு இத்தனை’ என்று பிபிஎம் கணக்கில் இருக்கும். அதை ரூபாயில் எழுதினேன். இந்த மாதம் ஸ்கிராப்பில் போன இரும்பு இத்தனை ரூபாய், அதில் ஏற்கெனவே ஏறியிருந்த மெஷின் நேரம் இத்தனை ரூபாய், ரீவொர்க் ஓவர்டைம் இத்தனை ரூபாய். முதலாளி மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைய கூட்டம் ஒன்றேமுக்கால் மணி நேரம் நடந்தது.

இன்னொன்று ஆட்கள் விஷயம். நான் சேர்ந்தபோது ஷாப் ஃப்ளோரில் தமிழும் கன்னடமும்தான். இருபது வருஷ சர்வீஸ் உள்ளவர்கள், டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே சொல்வார்கள். அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். இப்போது பாதிப்பேர் ஒடிசாவும் பீகாரும். தீபாவளிக்கோ சட் பூஜைக்கோ ஊருக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. சுவரில் இங்கிலீஷில் லாமினேட் செய்து மாட்டிய வேலைக் குறிப்பை யாரும் படித்ததில்லை. அதை ஆடிட்டருக்காகத்தான் மாட்டியிருந்தோம். அவற்றைக் கழற்றிவிட்டு போட்டோ ஒட்டினேன். இன்சர்ட் நல்லதாக இருந்தால் இப்படி, மழுங்கினால் இப்படி, எத்தனை பீஸுக்கு ஒருமுறை ஆஃப்செட்டை, அதாவது தேய்மானத்துக்கு மெஷினில் போடுகிற அளவுத் திருத்தத்தை, மாற்ற வேண்டும். எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும் என்பதற்கு, ஓய்வு பெறவிருந்த ஒரு மேஸ்திரியை மெஷின் பக்கத்தில் நிற்கவைத்துப் போனில் வீடியோ எடுத்தோம். அவர் தமிழில் சொன்னதை ஒரு ஒடியாப் பையன் தன் மொழியில் திருப்பிச் சொன்னான். ஒரு புதுப் பையனைத் தனியாக மெஷினில் விட முன்பு மாதம் ஒன்றரை ஆகும். இப்போது மூன்று வாரம். லாபம் எங்கே வந்தது என்று என்னைக் கேட்டால் இங்கேதான் காட்டுவேன். ஆனால் இதற்குச் சான்றிதழ் எதற்கு, போட்டோ எடுக்கத் தெரிந்தால் போதாதா என்று யாராவது கேட்டால், அதுவும் சரிதான்.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த அதே ராத்திரி முதலாளி மகள் வாட்ஸ்அப்பில் நாலு ஆய்வுக் கட்டுரைகளை அனுப்பினாள். ‘படிங்க அக்கா, ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது’ என்று குறிப்பு. உண்மையாகவே சண்டைதான். 1997இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து நிறுவனங்களை ஆராய்ந்தவர்கள், சான்றிதழ் இருப்பதற்கும் தொழில் நன்றாக நடப்பதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பில்லை என்றார்கள். 2002இல் ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் சான்று பெற்ற 400 நிறுவனங்களையும் பெறாத 400 நிறுவனங்களையும் ஒப்பிட்டார்கள். சான்று பெற்றவை அதிக லாபம் காட்டின, ஆனால் சான்று பெறுவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் காட்டின. ஏற்கெனவே ஓடுகிற குதிரைதான் லாடம் அடித்துக்கொண்டது என்று பொருள். 2005இல் சார்ல்ஸ் கார்பெட்டும் மற்றவர்களும் அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனங்களைப் பார்த்து வேறு மாதிரி சொன்னார்கள்: சான்று வாங்கியவற்றின் நிதிநிலை, வாங்காத ஒத்த நிறுவனங்களைவிட மேம்பட்டது, அதற்கு ஒரு காரணம் வாங்காதவை சரிந்தது. 2010இல் டேவிட் லெவைனும் மைக்கேல் டோஃபெலும் கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய ஆயிரம் நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். சான்று பெற்றவை மூடப்படாமல் பிழைத்துக் கிடப்பது அதிகம். விற்பனையும் ஆள்பலமும் சம்பளமும் கூடுதலாக வளர்ந்தன. வேலையில் காயம் படுவதால் ஆகும் செலவு மட்டும் மாறவில்லை.

பிழைத்துக் கிடப்பது என்ற சொல்லில் நான் நின்றேன். கோவிட் சமயத்தில் எங்கள் தெருவிலேயே எத்தனை ஷட்டர் இறங்கியது என்று எனக்குத் தெரியும். எங்களுடையது இறங்காததற்கு ஐஎஸ்ஓ காரணமா? ஓசூர்க்காரர்கள் சப்ளையர் எண்ணிக்கையைக் குறைத்தபோது எங்களை வைத்துக்கொண்டார்கள். அந்த ஐந்து ‘ஏன்’ எழுதிய கடிதத்தை அவர்கள் ஃபைலில் பார்த்ததாக ஒருமுறை சொன்னார்கள். அதற்குமேல் நான் கணக்குப் போடமாட்டேன்.

சான்றிதழ் செய்யாதவை நிறைய. எங்களுக்குப் பணம் நேரத்துக்கு வர அது உதவியதில்லை. எங்களிடம் சான்று கேட்கிற பெரிய கம்பெனிகளிடமும் அதே ஐஎஸ்ஓ 9001 இருக்கிறது. அதன் ஏழு தரக் கொள்கைகளில் ஒன்று, சப்ளையர் முதலானோருடனான உறவைப் பேணுவது. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எங்கள் பில்லில் பாதி நூறு நாள் தாண்டித்தான் வரும். அவர்களின் ஆடிட்டர் அதை என்.சி., அதாவது தரத்துக்கு ஒவ்வாத குறை, என்று எழுதிய கதையை நான் கேட்டதில்லை. தாமதித்தால், பணம் தரும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2023-24 நிதியாண்டிலிருந்து வந்த பிறகு மார்ச் மாதத்தில் மட்டும் கொஞ்சம் சுறுசுறுப்பு தெரிகிறது. அது வருமான வரித்துறையின் புண்ணியம்.

குறுக்கு வழியும் உண்டு. ‘ரெண்டு நாள்ல கூரியர்ல வந்துடும் மேடம்’ என்று மாதம் ஒருவர் போன் செய்கிறார். முறையான ஆடிட்டுக்கு ஆட்களின் எண்ணிக்கையை வைத்து நாள் கணக்கு இருக்கிறது. எங்களைப் போல 26 முதல் 45 பேர் உள்ள இடத்துக்கு முதல் சான்றிதழுக்குச் சுமார் நான்கு ஆடிட் நாள். அந்த நாலு நாளைக் குறைத்துத்தான் கூரியர்க்காரர் விலையைக் குறைக்கிறார். டெண்டர் பெட்டியில் போட அது போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் கிண்டல் செய்து மாட்டிக்கொண்டதும் உண்டு. 2024 பிப்ரவரியில் இந்தத் தரங்களில் ஒரு திருத்தம் வந்தது. பருவநிலை மாற்றம் உங்கள் தொழிலுக்குப் பொருந்துமா என்று நிறுவனம் யோசித்துத் தீர்மானிக்க வேண்டுமாம். முப்பத்தெட்டு பேர் வேலை செய்கிற கடைசல் பட்டறைக்கும் பூமி சூடாவதற்கும் என்ன சம்பந்தம் என்று முதலாளி மகளும் நானும் சிரித்தோம். மார்ச்சில் பெங்களூரு முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். எங்கள் போர்வெல் காற்றைத் துப்பியது. வெட்டும்போது சூட்டைத் தணிக்கிற கூலண்ட் கலக்க டேங்கர் தண்ணீர், அதற்கும் வரிசை, அதன் உப்பில் கூலண்ட் திரிந்து பாகமெல்லாம் துரு. அக்டோபரில் ஆடிட்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.

கொட்டேஷனுக்கு வருகிறேன். போன வாரம் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள். புதுப்பிக்கலாம் என்றாள், ஓசூர் ஆர்டருக்காகத்தான் என்றும் சேர்த்துச் சொன்னாள். பிறகு போன மூன்று வருஷத்து ஆடிட் அறிக்கைகளைப் பரப்பினாள்.

“எல்லாம் அக்டோபர்லயே இருக்கே அக்கா. ஏன்?”

ஆயுத பூஜைக் கதையைச் சொன்னேன். நாலு பேனாக் கதையையும் சொன்னேன். சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“நம்ம பட்டறை ரொம்ப மோசமா இருக்கற மாசம் எது?”

“மார்ச். வருஷக் கடைசி டெஸ்பாட்ச். நடக்க இடம் இருக்காது.”

சான்றிதழ் காலாவதியாவது நவம்பரில். அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் மறுஆடிட் நடத்தலாமா என்று சான்றளிப்பு நிறுவனத்துக்கு என் முன்னாலேயே போன் போட்டுக் கேட்டாள். நடத்தலாம் என்றார்கள், ஆனால் மார்ச்சில் யாரும் கேட்பதில்லையே மேடம் என்று இரண்டு தரம் உறுதி செய்துகொண்டார்கள். மார்ச் 18 கிடைத்தது. காலண்டரைப் பார்த்தேன். ஸ்கிராப் லாரி வருகிற நாள்.